கயிறு கட்டிய கல்

கைப்பிடி அளவுக் கல். கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே ஒரு முடிச்சு. தோட்டப் பாதையின் நடுவே அதை வைத்துவிட்டுக் குளக்கரைக்கு நடந்தேன்.

டோக்கியோவில் அந்தக் கல்லை யாரும் தாண்ட மாட்டார்கள். 'இதற்கு மேல் வேண்டாம்' என்று தோட்டமே சொல்வதாக அர்த்தம். பூட்டு கிடையாது, காவலாள் கிடையாது. அமைச்சரே வந்தாலும் திரும்பித்தான் போவார். எங்கள் ஜனங்களின் இந்தக் குணம் எனக்குப் பெருமைதான்.

ஆனால் இந்தக் கல் தோட்டத்துடையது அல்ல. என் கைப்பையில் வருவது.

எனக்கு வேலை, தொலைபேசியில் புகார் கேட்பது. காலை முழுவதும் ஊரார் திட்டத் திட்ட மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன். மதியம் இங்கே ஓடி வந்து, வாங்கியதையெல்லாம் குளத்திடம் கொட்டுவேன். வாய்விட்டு. கெண்டை மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

கடைசியில் எங்கள் பிரிவுத் தலைவர் குராமோச்சியின் முறை. சாப்பாட்டுக்கு முதல் ஆளாகக் கிளம்பி, கடைசி ஆளாகத் திரும்புகிற மனிதர்.

"யோவ் குராமோச்சி, மேல இருக்கறவனுக்குக் குனிஞ்சு குனிஞ்சு உனக்குக் கழுத்தே இல்லாமப் போச்சுய்யா."

அதற்குப் பிறகுதான் சோறு இறங்கும். யார் காதிலாவது விழுந்தால் வேலை போய்விடும். இந்த இடம் இல்லையென்றால் அந்த வேலையை நானே என்றோ விட்டிருப்பேன்.

இன்று மழை விட்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே இருந்துவிட்டேன்.

நேற்றுவரை மொட்டாக இருந்த ஐரிஸ், கரை நெடுக ஊதாவாகப் பூத்திருந்தது. பைன் மரத்தின் ஒரு கிளை தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதை அப்படி வளைக்க யார் எத்தனை வருடம் பொறுமையாக இருந்தார்களோ. மரங்களுக்கு மேலே மோனோரயில் போனது. அது வேறு யாருடைய ஊரிலோ போவதுபோல் இருந்தது.

திட்ட வந்ததே மறந்துபோயிற்று. சோற்றுருண்டையைப் பிரித்து ஒரு கடி கடித்தேன். இத்தனை ருசியாக இருக்குமென்று தெரியாது.

பெஞ்சைத் தாண்டி, மேப்பிள் மரங்களுக்குள் பாதை வளைகிற இடத்தில் இன்னொரு கல் உண்டு. நான் வரும்போதெல்லாம் அங்கே கிடக்கும். ஒருநாளும் தாண்டியதில்லை. என் கல் பொய் என்பதற்காகத் தோட்டத்தின் கல்லை அவமதிக்க முடியுமா?

அந்த மரங்களுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

இலைகளை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. கையில் இன்னும் தொடாத சாப்பாட்டுப் பெட்டி.

குராமோச்சி.

அவர் காலடியில் கிடந்த கல்லை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அதில் கட்டியிருந்தது எங்கள் அலுவலகப் பார்சல் கயிறு.

அவர் மரியாதையாகக் குனிந்து வணங்கினார். நிஜமான கவலையோடு கேட்டார்.

"தொகாஷி-சான், இன்னிக்கு ஏன் என்னைத் திட்டாம விட்டுட்டீங்க? உடம்பு கிடம்பு முடியலையா?"