தறிச் சத்தம்

"ஏறாதீங்க! தறி ஓடுற சத்தம் கேக்கலையா?"

சாப்பாட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஸ்வீட்லின், மின்கம்பத்தில் ஏணியைச் சாய்த்த கணவன் யோபுவின் கையை இறுக்கிப் பிடித்தாள். எதிர்வீட்டில் பஞ்சாட்சரத்தின் பவர்லூம் தடக் தடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"லைன் ஆஃப்னா தறி எப்படிங்க ஓடும்?"

யோபு சிரித்தான். "சூப்பர்வைசர் இப்பதான் போன்ல சொன்னாரு, கட் பண்ணியாச்சுன்னு. அது சோலார்ல ஓடுதுடி. திருத்தணியிலேயே மொத சோலார் தெரு இதுதான். நான் இந்தப் பழைய ஒயரை மாத்திட்டு இறங்கிடுறேன்."

"அந்தக் கரண்டு திரும்பி ஒயர்ல வந்துட்டா?"

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன மாசம் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் கரண்டு அப்படித் திரும்பி வந்துதான், யோபுவோடு வேலை செய்யும் இஸ்ரேலுக்குக் கை கருகியது. அன்றிலிருந்து இவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! இது பேட்டரி வெச்ச சோலார், வெளியே வராது. மாடியைப் பாரு, ஸ்டாண்டு தெரியுதில்ல?"

தெரிந்தது. நான்கு இரும்புக் கால்கள் வெயிலில் பளபளத்தன. அவன் கையை உதறிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான்.

ஸ்வீட்லின் எதிர்வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். வேலை முடியும்வரை அந்த சோலாரை நிறுத்தச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது? "இயேசப்பா, இயேசப்பா" என்று முனகிக்கொண்டே தெருவைத் தாண்டி ஓடினாள்.

வாசலில் ஆளுயர அட்டைப்பெட்டிகள் வழியை அடைத்துக்கொண்டு சாய்ந்திருந்தன. அவற்றை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"அண்ணே! அண்ணே!"

தறிச் சத்தத்தில் பஞ்சாட்சரத்துக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்துத் தறியை நிறுத்தினார்.

"இன்னாம்மா? ஏன் இப்படி ஓடியாற?"

"எங்க வீட்டுக்காரர் கம்பத்துல ஏறிக்கினு இருக்காருண்ணே. புண்ணியமாப் போவும், கொஞ்ச நேரம் உங்க சோலாரை ஆஃப் பண்ணுங்க!"

ஜன்னல் வழியே பார்த்தாள். யோபு உச்சிக்குப் போய்விட்டான். இடுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒயரை நோக்கிக் கையை நீட்டினான்.

பஞ்சாட்சரம் முகத்தில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் துடைத்தபடி அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"சோலாரா? அது வாசல்ல பெட்டியிலேயே கெடக்குது, இன்னும் மாட்டவே இல்லையேம்மா!"