நாலே நிமிடம்

பாய்மரப் படகுப் பயிற்சியின் முதல் நாளே இளைஞர் மன்றத் தலைவனின் மானம் கப்பலேறிவிட்டது. தண்ணீரில் விழுந்த ஆளைத் தூக்கும் பாடத்துக்காக மாஸ்டர் வீசிய ரப்பர் பொம்மையை எடுக்க அவனுக்கும் அவன் பசங்களுக்கும் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

மறுநாள் தொபுக்கடீரென்று சத்தம் கேட்டதுமே தலைவன் சுக்கானைப் பிடித்துவிட்டான்.

"டேய், இந்தப் பக்கம் திருப்புங்கடா!" மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

"அவரு கத்திக்கிட்டேதான் இருப்பாரு. நீங்க பொம்மையைப் பாருங்கடா!"

நாலே நிமிடத்தில் பொம்மை படகுக்குள் வந்தது. கைதட்டல், செல்ஃபி.

"இப்ப என்ன சொல்றீங்க மாஸ்டர்?" தலைவன் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினான்.

படகில் மாஸ்டர் இல்லை. பொம்மையை வீசும்போது கால் வழுக்கிக் கூடவே விழுந்தவர், தூரத்தில் மிதவைச் சட்டையோடு இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

தலைவன் தலையைச் சொறிந்தான்.

"உயிருள்ள ஆளைத் தூக்க இன்னும் சொல்லித் தரலையேடா!"