பிசினுக்குள் ஓர் எறும்பு

"செத்த நேரம் உள்ள உக்காந்துட்டுப் போவோம்மா. ஃபேன் ஓடுது" என்று அங்கம்மாளைக் கைத்தாங்கலாகக் கல்லூரிக் கண்காட்சிக்குள் அழைத்துப் போனான் சேதுபதி. ஊருக்குப் போகும் எரியோடு பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது.

எதிர் ஆஸ்பத்திரியில் சற்று முன்புதான் டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "இனி வைத்தியம் வேண்டாம் தம்பி. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். வெளியே வந்து, "ரத்தம் கம்மியாம்மா, அம்புட்டுத்தான்" என்று அவளிடம் சமாளித்தான்.

அவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு எரியோட்டில் வந்து இறங்கியவள் அவள். பூக்கட்டியே படிக்க வைத்தாள். காலையில் வயதைக் கேட்ட நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபோது, "சின்ன வயசுலயே பெத்துட்டேன்" என்று வழக்கம்போலச் சிரித்தாள்.

மேசையில் லென்ஸுக்கு அடியில் தேன் நிறத்தில் ஒரு கல். அதனுள் ஓர் எறும்பு.

"இது அம்பர்ங்கம்மா. மரத்துப் பிசின் இறுகிக் கல்லாயிருச்சு. எறும்பு மாட்டி நாலு கோடி வருசம் இருக்கும்" என்றாள் அங்கே நின்ற மாணவி சுகன்யா.

அங்கம்மாள் குனிந்து பார்த்தாள். "வாயில என்னமோ வெள்ளையாக் கவ்வியிருக்கே?"

"குட்டிங்கம்மா, இன்னும் புழுவாத்தான் இருக்கு. பிசின் மூடுறப்பக்கூட விடல பாருங்க."

"தாயாச்சே... எப்படி விடும்?" என்றான் சேதுபதி.

"எல்லாரும் அப்படித்தாண்ணே நினைக்கிறாங்க. முட்டை போடுறது ராணி மட்டுந்தான். இது வேலைக்கார எறும்பு. இதுக்குன்னு சோடியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. கூடப்பொறந்ததத் தூக்கி வளர்க்கிறதுதான் இதோட பொழப்பு."

அங்கம்மாள் வெகுநேரம் நிமிரவில்லை. லென்ஸின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுச்சுப்பா. கதவு தொறந்துதான் இருந்துச்சு."

அவன் குழந்தைபோல விம்மினான்.

"அழுவாத. எனக்கு ஒரே ஒரு ஆசதான் பாக்கி இருக்கு."

"என்னம்மா வேணும்? எதுன்னாலும் சொல்லு."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என்னைய அக்கான்னு கூப்பிடுறியா, தம்பி?"