கட்டிலின் சூடு

அம்மா இறந்து சில மாதங்களில் அவளுடைய கட்டிலில் கரையான் ஏறியது. எரித்துவிடலாம் என்றான் அண்ணன். தங்கை கேட்கவில்லை. பூச்சி மருந்துக்காரரை வரவழைத்தாள்.

மருந்தே வேண்டாம் என்றார் அவர். "கரையானுக்கு ஈரம்தாம்மா உசுரு. அறைய சூடாக்கி உலர வெச்சா சருகு மாதிரி காஞ்சிடும்."

அறையை அடைத்து, அனல்காற்று இயந்திரத்தை ஓடவிட்டார். தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மதியம் திறந்தபோது அறை ஐம்பத்தைந்து டிகிரியில் தகித்தது. ஜன்னல் சட்டத்துக்கும் அலமாரிக்கும் பரவியிருந்த கரையான்கள் செத்து உதிர்ந்திருந்தன. கட்டிலில் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தன. அவர் தலைமாட்டுப் பலகையில், ஈரமும் சூடும் அளக்கும் கருவியின் ஊசியைக் குத்திப் பார்த்தார். ஈரம் குறையவே இல்லை. சூடு முப்பத்தேழு.

"கருவி கோளாறா இருக்கும்," என்றான் அண்ணன்.

அதே ஊசியை அலமாரியில் குத்தினார். ஐம்பத்தைந்து காட்டியது. அவர் இயந்திரத்தின் சூட்டைக் கூட்டி வைத்துக் கதவைச் சாத்தினார்.

பொழுது சாயும் நேரத்தில் பலகை முப்பத்தொன்பதைக் காட்டியது. மரத்தின் மேல் முத்து முத்தாக நீர் துளிர்த்திருந்தது.

"போதும், நிறுத்துங்க," என்றாள் தங்கை. "காய்ச்சல் அடிக்குது."

அண்ணன் சிரிக்கவில்லை. அவனே ஜன்னல்களைத் திறந்தான். அவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து பலகையின் மேல் போட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சூடு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மருந்துக்காரர் ஊசியை எடுத்தார். தயங்கி நின்றார். பிறகு கட்டிலைப் பார்த்து, "வலிக்காதும்மா," என்று சொல்லிவிட்டு மெல்லக் குத்தினார்.