பின் சீட்டுக்காரர்

"நன்றி கெட்ட ஜென்மம்! வேலை கிடைச்சதும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறான் பாருங்க!"

ஜன்னலோரம் நின்று அவள் பொரிந்து தள்ளினாள்.

"நான் எங்கம்மா பார்க்கறது!" என்று சிரித்தார் கணவர்.

அவருக்குக் கண் பார்வை கிடையாது. நடுவில் வந்த ஒரு நோயில் போனது.

வாசலில் பால் கம்பெனி வேன் நின்றிருந்தது. மாடி வீட்டு வெல்டர் புது யூனிஃபார்மில் விறுவிறுவென்று படி இறங்கி, இவர்கள் வீட்டுப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் ஏறிக்கொண்டான்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! என் வயிறு எரியுது."

"விடும்மா. புது வேலை, அவசரமா இருக்கும்."

கணவருக்கு வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கிற வேலை. சம்பளத்துக்குப் புகார் கேட்கிறவர், கொஞ்ச நாளாக வீட்டிலும் இலவசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

வேலை இல்லாமல் சும்மா இருந்தபோது, இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒட்டி, இரண்டு பேர் மிதிக்கிற ஒரே சைக்கிளாகச் செய்தவன் அந்த வெல்டர்தான். முன்னால் அவன், பின்னால் இவர். பின் ஹேண்டில் திரும்பாது, பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஆனால் மணியை அதில்தான் பொருத்தினான்.

"பெல்லுக்கு நீங்கதான் பொறுப்புண்ணே," என்று சொல்லிவிட்டான்.

தினமும் காலையில் கிளம்புவார்கள். "மேடு", "பள்ளம்", "இடது பக்கம் திரும்பறோம்" என்று அவன் குரல் கொடுக்கக் கொடுக்க இவர் மிதிப்பார். குறுக்கே நாய் படுத்திருந்தால்கூட "அண்ணே, பெல்!" என்பான். திரும்பி வரும்போது இவர் அடிக்கிற மணி தெருமுனையிலிருந்தே கேட்கும். அவள் டீக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். அவனுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்தது வைத்தபடி இருக்கிறது. அன்று யாரோ அதன்மேல் ஈரத்துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாரத்துல ஒரு நாள் லீவு இல்லாமயா போயிடும்? அன்னிக்காவது வந்து கூப்பிடலாம்ல? உங்களுக்குத்தான் வாய் இல்ல. நானே கேக்கறேன்."

"வேண்டாம்மா. சொன்னா கேளு."

சொன்னால் கேட்கிற ஆளா அவள்? சாயங்காலம் வேன் வந்து நின்றதும் படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தம்பி, நாங்கல்லாம் கண்ணுக்குத் தெரியறோமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வழி விடுங்கக்கா."

"விட மாட்டேன். வேலை இல்லாதப்ப அண்ணே, அண்ணேன்னு சுத்தி வந்த. சம்பளம்னு ஒண்ணு வந்ததும் அண்ணன் பாரமா போயிட்டாரா? அந்த மனுஷன் வெளியில போய்க் காத்து வாங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? உனக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

அவன் வெடுக்கென்று நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது.

"யாருக்கு மனசாட்சி இல்ல? உங்க வீட்டுக்காரரைப் போய்க் கேளுங்க! 'இனிமே உன் பின்னாடி உட்கார மாட்டேன். நீ ஓட்டறது எனக்குப் பயமா இருக்கு. இத்தனை நாளும் உயிரைக் கையில பிடிச்சிக்கிட்டுதான் வந்தேன்'னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. ஒரு தடவையாவது அவரைக் கீழ போட்டிருக்கேனா? ஒரு பள்ளத்துல இறக்கியிருக்கேனா? அவருக்காகவே பார்த்துப் பார்த்துப் பண்ண சைக்கிள்க்கா அது!"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளைத் தாண்டிக்கொண்டு மாடி ஏறிவிட்டான்.

அவள் உள்ளே வந்த வேகத்தில் கோபம் கட்சி மாறியிருந்தது.

"ஏங்க, இப்படியா நாக்குல நரம்பில்லாமப் பேசுவீங்க? அவனைப் போய் ஓட்டத் தெரியாதுன்னு சொல்லியிருக்கீங்களே, பாவம், அந்தப் பிள்ளை கண்ணைத் துடைச்சிக்கிட்டுப் போறான்! இத்தனை நாளா அவனை நன்றி கெட்டவன்னு திட்டிக்கிட்டிருந்தேன். நன்றி கெட்டவர் நீங்கதான்!"

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முதல்ல கதவைச் சாத்து. அவன் காதுல விழுந்துடப் போகுது."

சாத்தினாள். அவள் சாத்தியதில் சுவரில் இருந்த காலண்டர் ஆடியது.

"போன மாசம் படிக்கட்டுல நின்னு அவன் போன் பேசினது என் காதுல விழுந்துச்சு. 'காலை ஷிஃப்ட் முடியாது சார், காலையில எங்கண்ணனை வெளியில கூட்டிட்டுப் போகணும்'னு சொல்றான். வேலை வேலைன்னு நாயா அலைஞ்சவன், தேடி வந்த வேலையை எனக்காகத் தட்டி விடறான். நல்ல விதமா 'போய்ச் சேருடா'ன்னு சொன்னா கேப்பானா?"

அவள் மாடிப் பக்கம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, இப்பதான் சேர்ந்துட்டானே. உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"வேலை நிரந்தரம் ஆகட்டும். இப்ப சொன்னா, நாளைக்கே யூனிஃபார்மைக் கழட்டிப் போட்டுட்டு வாசல்ல வந்து நிப்பான்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"அதுக்காக? நீ ஓட்டறது பயமா இருக்குன்னா சொல்லணும்? உங்களுக்கு வேற பொய்யே கிடைக்கலையா?"

அவர் கட்டைவிரல் மேஜை விளிம்பில் மணி அடிப்பதுபோல் ஒருமுறை அசைந்தது.

"வேற எதைச் சொல்லியிருந்தாலும் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போயிருப்பான். கண்ணு போனதுக்கப்புறம் நான் பயமில்லாம இருந்ததே, அவன் பின்னாடி உட்கார்ந்திருந்தப்ப மட்டும்தாம்மா."