மடிக்கணினிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூசைக்கு மறுநாள் மடிக்கணினி கண் திறக்கவில்லை. மாலைக்குள் அது எழாவிட்டால் சார்ஜர், மவுஸோடு சேர்த்துக் காயலான் கடையில் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்காரர் வெளியே போனார். மவுஸ் சார்ஜரிடம் ஓடியது.

“அண்ணே, சோறு ஊட்டுறீங்களா இல்லையா?”

“விடிஞ்சதிலேருந்து ஊட்டுறேன். எனக்கே உடம்பு கொதிக்குது,” என்றது சார்ஜர்.

மவுஸ் மடிக்கணினியின் மேலே ஏறிப் பார்த்தது. பூசையில் வைத்த சந்தனம் காய்ந்து, பவர் பட்டனை அழுத்த முடியாதபடி இறுக்கியிருந்தது.

“இதைச் சுரண்டிட்டா எழுந்திடும், அண்ணே.”

“சாமிக்கு வெச்சதைச் சுரண்டுறதா? நல்ல பிள்ளைதான் போ. இன்னும் கொஞ்சம் அப்பி, மனசார வேண்டிக்க.”

மவுஸ் ஒரு கணம் தயங்கியது. பிறகு, கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தையெல்லாம் பயபக்தியோடு பட்டன்மேல் அப்பியது.

மாலையில், காயலான் கடை மூட்டைக்குள் மவுஸ் விம்மியது. சார்ஜர் அதை ஆதரவாக அணைத்துக்கொண்டது.

“அழாதே தம்பி. பார், சந்தனம் ஒரு பொட்டுகூட உதிரலை.”