சிவப்பு கவுன்

“என் கவுனை எதுக்கு அக்கா பிரிச்சுப் போட்டிருக்கீங்க?”

வாசலில் ராணியின் குரல் கேட்டதும் உடையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊசி விரலில் ஏறிவிட்டது. திங்கட்கிழமை நாடகம் கிடையாது, அரங்கத்தில் ஈ காக்கை இருக்காது என்ற தைரியத்தில்தான் அந்தச் சிவப்பு கவுனை மேஜையில் விரித்து, இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“தையல் இத்துப் போச்சு, அதான். லீவு நாள்ல நீ எங்க இங்க?”

“வீட்ல உக்காந்தா முட்டி வலிதான் பெருசாத் தெரியுது.”

ராணி என்பது அவளுடைய பெயரல்ல. ஒன்பது வருஷமாக ஒரே இசை நாடகத்தில் ராணியாகப் பாடி ஆடியதில், பெற்ற தாயே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். உடை தைப்பவளுக்கும் அதே கதிதான். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவள் உடையக்கா.

துணி மூட்டையின் மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள் ராணி.

“பேப்பர் பாத்தீங்களா? ‘ராணி மாறுகிறாரா?’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பால்கனி காத்து வாங்குதாம். புதுமுகம் வந்தாதான் டிக்கெட் விக்குமாம்.”

“அவனுங்களுக்கு வேற வேலை இல்ல.”

“பால்கனி காலியா இருக்கறது நிஜம்தானே. மேடையில நின்னு தினமும் நான்தானே பாக்கறேன்?” ராணி பெருமூச்சு விட்டாள். “யாரு அக்கா அந்தப் புதுமுகம்? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

“எனக்கெப்படித் தெரியும்? துணி தைக்கறவ நான்.”

உடையக்கா சொன்னது பொய். அந்த அரங்கத்தில் யார் வேஷம் யாருக்குப் போகிறது என்பது முதலில் தெரிவது உடை அறைக்குத்தான். அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அளவுச் சீட்டு இங்கே வந்துவிடும். வெள்ளிக்கிழமை அறிவிக்கும்வரை மூச்சு விடக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சனிக்கிழமை வந்த சீட்டை நாலாக மடித்துப் பொத்தான் டப்பாவின் அடியில் போட்டவள்தான், அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறு யாரிடமாவது என்றால் மனசு உறுத்தாமல் பொய் சொல்லிவிடலாம். போன வருஷம் பித்தப்பை ஆபரேஷனுக்காகக் கிடந்தபோது, பகல் காட்சிக்கும் மாலைக் காட்சிக்கும் நடுவே ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவள் இந்த ராணி. கிரீடத்தோடு வந்து கஞ்சி புகட்டியவளைப் பார்த்து நர்சுகள் சிரித்துத் தீர்த்தார்கள்.

மேஜை மேல் செல்போன் அடித்தது. உடையக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

“எடுங்க அக்கா.”

“அப்புறம் பேசிக்கலாம்.”

ராணி எழுந்து வந்து கவுனைத் தொட்டுப் பார்த்தாள். “இடுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. அடிமடிப்பை வேற இறக்கியிருக்கீங்க. ஒல்லியா, உயரமா இருப்பா போல. நமக்குத் தெரிஞ்ச பொண்ணா?”

“ஐயோ, தையல்தான் விட்டுப் போச்சுன்னு சொல்றேனே!”

ராணி கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கவுனின் கழுத்தைத் திருப்பினாள். உள்ளே வெள்ளை நாடாவில் அவள் பெயர், நூல் வெளுத்துப்போய். அங்கே பழைய பெயரைப் பிரிக்கும் வழக்கமில்லை. புதுப் பெயரை அதன் மேலேயே தைத்துவிடுவார்கள். ராணியின் பெயருக்கு அடியில் முன்னால் இருந்தவளின் நாடா லேசாக எட்டிப் பார்த்தது.

“இவங்க பேர் மேல என் பேரைத் தைச்சப்போ, இவங்களும் இதே மூட்டை மேலதான் உக்காந்திருந்தாங்க. பாவம், விஷயமே தெரியாம உங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. ஞாபகம் இருக்கா?”

உடையக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நூல் கோர்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் சண்டை போட மாட்டேன் அக்கா. ஒன்பது வருஷப் பழக்கம். கடைசியா கேக்கறேன், யாரு?”

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்ன பிறகு இந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

“சத்தியமா எனக்குத் தெரியாது, ராணி.”

“சரி.”

மேஜையைப் பிடித்தபடி மெதுவாக நகர்ந்தாள் ராணி. முட்டி சொடக்கென்றது. வாசல்வரை நொண்டிப் போனவள் நின்றாள்.

“இடுப்பை அரை இஞ்ச் தளர்த்தி விடுங்க. மூச்சு இழுத்துப் பாடணும். பெத்த பொண்ணுதானேன்னு கண்ணளவுல தைச்சுடாதீங்க.”

உடையக்காவின் கையிலிருந்து கவுன் நழுவியது. “உனக்கு… யார் சொன்னா?”

“முட்டி போச்சு, நின்னுக்கறேன்னு மேனேஜர்கிட்ட சொன்னதே நான்தான். இந்த ரூம்ல துணி தேய்ச்சுக்கிட்டே உங்க பொண்ணு பாடறதைக் கேட்டு, அவ பேரைக் கொடுத்ததும் நான்தான்” என்றாள் ராணி. “உங்க வாயால சொல்லுவீங்கன்னுதான் மூணு தடவை கேட்டேன்.”